பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர்

அந்தப் பெண்ணை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எனக்காக எழுந்து நின்றார். பதுளை பஜாரில் மூக்குக் கண்ணாடி விற்பவனுக்கு யாரும் எழுந்து நிற்பது வழக்கமில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எழுத்து இன்னும் மங்கலாத்தான் தெரியுது" என்று என்னைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போகிறவர்கள். ஆகவே எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. "பரவால்ல, இரிங்க" என்று பெரிய மனிதனைப்போலக் கையை அசைத்துவிட்டு நடந்தேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பூங்காவில் திரியும் சொறிநாய் ஒன்று அதே வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் அதற்கும் எழுந்து நின்றார்.

பூங்கா என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் நிலையத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி, முன்பு வயலாக இருந்து பிறகு வெறும் சேறாகக் கிடந்த இடம். அதற்கு ஈரநிலப் பூங்கா என்று பெயர் வைத்து, தண்ணீர்மேல் பலகை நடைபாதை போட்டு, நாலைந்து சிமெந்துப் பெஞ்சும், பறவைப் படங்கள் போட்ட ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பசறை பஸ்ஸின் ஹோர்ன் சத்தம், இன்னொரு பக்கம் கொக்கு. நிமிர்ந்து பார்த்தால் நமுனுகுல மலை.

டொக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எனக்கு நடப்பதில் நாட்டமில்லை. எல்ல என்ற ஊரில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் கேட்டாரென்று வரவழைத்து, அவர் வராமலே போனதால் கடைக் கண்ணாடி அலுமாரியில் தூசு பிடித்துக் கிடந்த பைனாகுலர் ஒன்று இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் நின்று நின்று போகலாம், சோம்பேறி என்று எவரும் சொல்ல மாட்டார்கள் என்று கண்டுகொண்டேன். சுபஹு தொழுதுவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கடை திறக்கும்வரை பூங்காவில்தான் இருப்பேன். நான்பாட்டுக்குச் சும்மா நின்று கொக்கைப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை, அவரைச் சந்திக்கும்வரை.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். இப்போது பதுளையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்து, தங்கையின் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். காலையில் அந்தப் பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு நேரே பூங்காவுக்கு வருவார். பெஞ்சு முழுவதும் காலியாக இருந்தாலும் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தெரிகிறமாதிரி உட்காருவார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் முருங்கைக் கீரையோ வல்லாரையோ இருக்கும். கை அதை ஆய்ந்துகொண்டே இருக்கும். கண் மட்டும் தண்ணீர்மேல்.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"நான் வந்தாலும் எந்திரிக்கிறீங்க, நாய் வந்தாலும் எந்திரிக்கிறீங்க. என்னத்துக்குத் தங்கச்சி?"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்றார். "பழக்கந்தான் நானா. விடியக்கால பெரட்டுக்கு வரிசையா நின்னு பேர் குடுத்துட்டு மலைக்குப் போனா, அப்புறம் உக்காரக் கூடாதுங்க. கங்காணி கண்ணுல பட்டா அவ்வளவுதான். காலடிச் சத்தம் கேட்டா கால் தன்னால எந்திரிச்சுக்கும்."

"இப்பதான் தோட்டமும் இல்ல, கங்காணியும் இல்லயே."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியணுமே."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கீரைப் பையின் கதை எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாளானது. கீரை ஆய அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இடமில்லாமல் இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்து ஒன்றைப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒருமுறை கீரை சீக்கிரம் முடிந்துவிட்டது. கையைச் சேலைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், பிறகு ஆய்ந்த கீரையையே கொட்டி மறுபடியும் ஆயத் தொடங்கினார். அப்போது இலைக்கோழி ஒன்று தாமரை இலைகளின்மேல் குஞ்சுகளோடு நடந்துகொண்டிருந்தது. என் பைனாகுலரை நீட்டினேன். அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார்.

"அதெல்லாம் வேணாங்க. அதுல பாத்தா நல்லாத் தெரிஞ்சிரும்."

நன்றாகத் தெரியக்கூடாது என்று பறவை பார்க்கிற ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

பறவைகளின் பெயர் எனக்குப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். அவர் பலகைப் பக்கமே போகமாட்டார், தானே வைத்த பெயர்கள் இருந்தன. தண்ணீரில் அசையாமல் நின்று முறைக்கும் சாம்பல் நாரை, கணக்கப்பிள்ளை. நெற்றியில் சிவப்பு வைத்த தாழைக்கோழி, பொட்டுக்காரி. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த துணிக்குப் படங்கு என்று பெயர். மழையில் நனைந்த படங்கை விரித்துக் காயவைப்பதுபோல இறக்கையை விரித்து நிற்கும் நீர்க்காகம், படங்குக்காரி. "இன்னைக்குப் படங்குக்காரி வரல நானா, லீவு போட்டுட்டா" என்பார். அப்படிச் சொல்லும்போது முகம் சின்னப் பெண்ணின் முகமாக இருக்கும். அடுத்த நொடியே யாரோ அதட்டியதுபோலத் தலையைக் குனிந்து கீரையைப் பார்ப்பார்.

யார் அதட்டினார்கள் என்பது எனக்கு ஒரு மழைநாளில் தெரிந்தது. அதற்கு முன்னால் அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தினமும் அவர் வந்து சற்று நேரத்தில் போன் அடிக்கும். குவைத்திலிருந்து தங்கை. ஒரு வீட்டில் சமையலும் துப்புரவுமாக வேலை. இங்கே நன்றாக விடிந்திருக்கும், அங்கே இன்னும் இருட்டு. வீட்டுக்காரர்கள் எழும்புமுன் பேசிவிட வேண்டும். போன் அடித்ததும் இவர் பையை உதறிக்கொண்டு எழுந்து, பலகை நடைபாதையில் விறுவிறுவென்று நடப்பார். நடப்பதோடு விட்டால் பரவாயில்லை. வேண்டுமென்றே மூச்சு வாங்குவார்.

"ஹா... நடக்குறேன்டி... ஹா... டாக்டர் சொன்ன மாதிரித்தான்... ஹா... ரெண்டாவது சுத்து."

நேற்றுப் பிறந்த குழந்தைகூட அதை நடிப்பென்று சொல்லும் என்று நினைத்தேன். ஆனால் போனில் கேட்பவருக்கு மூச்சு மட்டும்தானே கேட்கும். வீடியோவைப் போடச் சொல்லித் தங்கை கெஞ்சுவது எனக்கே கேட்கும். "டேட்டா இல்லடி" என்பார். போனை வைத்ததும் மூச்சு ஒழுங்காகிவிடும். வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கீரையை எடுப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒருநாள், "நீங்க நாடகத்துல சேந்திருக்கலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மழைநாளில் நாங்கள் இருவரும் காவலாளியின் தகரக் குடிசையில் ஒதுங்கினோம். கீரைப் பை நனைந்துவிட்டது. கைக்கு வேலையில்லை. அதனால்தானோ என்னவோ, பேசினார்.

குவைத்துக்குப் போக இருந்தவர் அவர்தானாம். கல்யாணமாகவில்லை, பிள்ளையில்லை, போகத் தோதானவர். தங்கையின் புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வெளியே வந்து, பிள்ளையை நல்ல பாடசாலையில் போட வேண்டும் என்பது இரண்டு பேரின் ஆசை. அக்கா உழைப்பது, தங்கை பிள்ளையைப் பார்ப்பது என்று ஏற்பாடு. பாஸ்போட் எடுத்தாகிவிட்டது, பெட்டியும் வாங்கியாகிவிட்டது. கொழும்பில் மெடிக்கலுக்குப் போனார்.

"கையில பட்டியக் கட்டி அமுக்கினாங்க நானா. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு. பயம். அந்த ஊரு, அந்த வீடு, பாஷ தெரியாது. பிரஷர் ஏறிருச்சு. மறுபடியும் பாத்தாங்க, இன்னும் ஏறிருச்சு. பெயில்னு சொல்லிட்டாங்க."

"அது உங்க குத்தமா?"

"கேளுங்க. பெயில்னு சொன்னதும் எனக்கு அழுக வரணும்ல? வரல. சந்தோசமா இருந்துச்சு. மனசுக்குள்ள அப்படியே லேசாயிருச்சு. வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னேன். எந் தங்கச்சி ஒண்ணுமே கேக்கல. 'சரிக்கா, அப்ப நான் போறேன்'னா."

தகரத்தில் மழை அடித்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"புள்ள இல்லாத நான் புள்ளையோட இருக்கேன். பெத்தவ அங்க யாரோ புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. பிரஷருக்கு நடக்கச் சொன்னாங்க, சரி, நடக்குறது மருந்து. உக்காந்து குருவி பாக்குறது என்னா? அவ அங்க நிக்க நேரமில்லாம ஓடுறா. நான் கொக்கு மீன் புடிக்கிறதப் பாத்துச் சிரிக்கிறேன். எப்படி நானா சொல்றது அவகிட்ட?"

அன்று வீட்டுக்குப் போனதும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். மனைவி குனிந்து வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் தோன்றாத ஒரு கூச்சம் அன்று தோன்றியது. அந்தப் பெண்ணின் மனஉறுத்தல் சளித் தடிமன்போல ஒட்டிக்கொள்ளும் ஜாதி.

சில வாரங்கள் கழித்துப் போனில் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். தங்கை நம்பவில்லை போலும். "இந்தா, இங்க நடக்க வர்ற நானா ஒருத்தரு, அவருகிட்டயே கேளு" என்று போனை என் கையில் திணித்தார்.

நான் கடைக்காரன். சொல்வதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? "ஓம், தங்கச்சி, உங்க அக்கா நல்லா நடக்கிறா. எனக்கு எட்டிப் பிடிக்க ஏலாது. அந்த வேகம்" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "ரொம்ப மூச்சு வாங்குதே நானா?"

"அது... வேகமா நடந்தா வாங்கும்தானே" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி.

தங்கையின் ஒப்பந்தம் தீபாவளியோடு முடியவிருந்தது. அந்த மாதங்களில் இவரைப் பார்க்க வேண்டும். கீரை ஆயும் கைகூட வேகம் பிடித்திருந்தது. "அவ வந்தா இங்க கூட்டிட்டு வருவேன் நானா. முன்னாடியே வந்து பாத்தேன்னு சொல்ல மாட்டேன். புதுசா பாக்குற மாதிரியே பாப்பேன்" என்றார். பெஞ்சில் கொஞ்சம் உள்தள்ளி உட்காரவும் தொடங்கியிருந்தார்.

பிறகு அந்தக் காலை வந்தது. போன் அடித்தது. வழக்கம்போல எழுந்தார், நடந்தார், மூச்சு வாங்கினார். நாலெட்டு வைத்திருக்கமாட்டார், பலகையின் நடுவில் அப்படியே நின்றார். முகம் வெளுத்ததைப் பார்த்து நான் ஓடினேன். போனின் சத்தம் பெரிதாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"வரலக்கா. இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன். மேடம் பேப்பரெல்லாம் போட்டாச்சு."

"ஏன்டி? புள்ள நாள எண்ணிக்கிட்டு இருக்காடி!"

"நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். தெனமும் உன் மூச்சு எனக்குக் கேக்குதுக்கா. நாலு வார்த்த பேச முடியல உன்னால. அந்த நானாகிட்டயும் கேட்டேன், அவரும் மழுப்புறாரு. நெஞ்சுல ஏதோ இருக்கு உனக்கு. கண்டில பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். நான் வந்துட்டா யாரு செலவு பாக்குறது?"

அவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கானாங்கோழி ஒன்று நாணலுக்குள்ளிருந்து காது கிழியக் கத்தத் தொடங்கியது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து எதையோ அழுத்தினார். முதல்தடவையாக வீடியோ. சின்னக் கட்டத்துக்குள், அடுப்படி விளக்கில், ஒடுங்கிப்போன ஒரு முகம். இவர் மெதுவாக, கொஞ்சங்கூட மூச்சு வாங்காமல் பேசினார்.

"இங்க பாருடி. எனக்கு ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குறது பொய். நான் நடக்கல. தெனமும் இங்க உக்காந்து குருவி பாக்குறேன். நீ போன் எடுத்தா எந்திரிச்சு நடந்து, மூச்சு வாங்குற மாதிரி நடிப்பேன். இதத்தான் பாக்குறேன். இந்தத் தண்ணிய, இந்தக் கொக்க." போனைத் திருப்பிக் குளத்தைக் காட்டினார். "நீ அங்க கஷ்டப்படும்போது நான் இங்க சந்தோசமா இருந்தேன்டி. அதான் சொல்லல."

போனுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது. "கூப்புடுறாங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு கட்டம் கறுத்துப்போனது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் போதாதா?

கையெழுத்துப் போட்ட பேப்பரை மாற்ற முடியவில்லை. தங்கை குவைத்திலேயே இருந்தார். இவர் பூங்காவுக்கு வருவதை விடவில்லை, உட்காருவதைத்தான் விட்டார். கீரைப் பை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நடைபாதையில் சுற்றிச் சுற்றி நடந்தார். உண்மையாகவே மூச்சு வாங்கியது. படங்குக்காரி கைக்கெட்டும் தூரத்தில் நின்று இறக்கையை உலர்த்தினாள். இவர் திரும்பவில்லை. "தங்கச்சி, இப்படி நடந்தா நோய் வரும்" என்றேன். "வரட்டும்" என்றார். என்னோடும் பேச்சுக் குறைந்தது. பைனாகுலரைக் கடையிலேயே விட்டுவிட்டு நானும் சும்மா நடந்தேன்.

தங்கைதான் அதை முடித்துவைத்தார். ஒருநாள் போன் வந்தது. எடுத்தவர் நடந்துகொண்டே இருந்தார்.

"அக்கா, வீடியோவப் போடு. குருவிய காட்டு."

"நடக்குறேன்டி. இப்ப நெசமாத்தான்."

"நடந்தா படம் ஆடுதுக்கா. ஒண்ணும் தெரியல. உக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டேன். உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவர் இரண்டு கையாலும் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்கப்பிள்ளை, பொட்டுக்காரி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவார். குவைத்தில் பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்கும், நடுநடுவே, "அந்தக் கறுப்பு எங்க போச்சு?" என்று குரல் வரும். கைக்கு வேலை கிடைத்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டாலும் எழும்பவில்லை, படம் ஆடிவிடும் என்று.

அந்த இரண்டு வருஷமும் முடிந்து தங்கை வந்தார். சொன்னபடி இவர் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிவந்தார். வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்த பெண். எல்லாப் பறவைக்கும் பெயர் தெரிந்திருந்தது. "படங்குக்காரி எங்கக்கா? அந்தா, அந்தா!" என்று கையை நீட்டினார். ஆனால் உட்காரவில்லை. பெஞ்சின் பக்கத்தில் நின்றார்.

"உக்காருடி, கால் வலிக்கும்."

"இருக்கட்டும்க்கா."

இவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்தார் தங்கை. அந்த நேரம் பூங்காக் காவலாளி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். மணிச் சத்தம் கேட்டதும் தங்கை துள்ளி எழுந்தார். எழுந்ததோடு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தேடினார். பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிக்கப் பார்த்தார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இங்க உக்காந்திருந்த நேரமெல்லாம் இவ நின்னுக்கிட்டு இருந்திருக்கா நானா" என்றார். எழுந்து தங்கையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பெஞ்சில் நான் மட்டும். என்னாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

காவலாளி சைக்கிளை நிறுத்தி எங்கள் மூன்று பேரையும், காலியான பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். சிங்களக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். "ஏன் எல்லாரும் நிக்கிறது? பெஞ்சில பெயின்ட் ஈரமா?" என்று கேட்டார்.

தங்கைதான் சொன்னார்: "இல்லண்ணே. பெரட்டுக்கு நிக்கிறோம்."

அக்கா அப்போது சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, சத்தமாக, தண்ணீரில் நின்ற கணக்கப்பிள்ளை பறந்துபோகும்படி சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

பாடசாலையின் அடுத்த தவணையில் அவர்கள் வெலிமடைப் பக்கம் குடிபோய்விட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து லீக்ஸ் மரக்கறி பயிரிடுகிறார்கள் என்று கேள்வி. நான் இப்போதும் அதே பெஞ்சுக்குத்தான் போகிறேன். பைனாகுலர் கழுத்தில் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தால் ஏனோ நிம்மதியாக இல்லை, ஓரத்தில்தான் உட்காருகிறேன். பலகையில் யாராவது நடந்துவரும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.